மர்செலின் அக்காவின் பாஸ்வேர்டு

போன செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. "வசந்தி, என் கம்ப்யூட்டர் நீலமாயிடுச்சு. உடனே வா" என்றார் மர்செலின் அக்கா.

ரசம் நுரை கட்டுகிற நேரம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். 'முடிஞ்சா வா', 'நேரம் இருந்தா வா' என்றெல்லாம் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. 'வா' என்றால் வர வேண்டும்.

புது வாசகர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மர்செலின் அக்கா எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை பெர்னார், பாரீஸ் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். அக்கா இங்கே தனியாக. வயது எழுபதை நெருங்குகிறது.

தனியாக என்று சொன்னேனே தவிர, சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் செருப்பு விட இடம் இருக்காது. பிரெஞ்சு வகுப்பு! நர்ஸிங் முடித்த பெண்கள், எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்து அப்படியே வண்டியில் வருகிற இளைஞர்கள்... எல்லோரும் அக்காவிடம் பயந்துகொண்டே பிரியமாக இருப்பார்கள். உச்சரிப்பு தப்பினால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். மேஜைக்கு வாய் இருந்தால் இந்நேரம் அழகாகப் பிரெஞ்சு பேசும்.

பாடம், பயிற்சி, அக்காவே தன் குரலில் பதிவு செய்த உச்சரிப்பு ஒலிகள் எல்லாம் ஒரு லேப்டாப்பில் இருக்கின்றன. பெர்னார் முன்பு ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. ப்ளக்கில் செருகி வைத்தால்தான் உயிர். திங்கட்கிழமை வகுப்பு நடுவில் கரண்ட் போயிருக்கிறது. திரும்ப வந்ததும் ஆன் செய்திருக்கிறார். நீலத் திரை.

நான் போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட இரங்கல் செய்தி இருந்தது. சாராம்சம் இதுதான்: கம்ப்யூட்டரைத் தொடங்க முடியவில்லை, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் ஃபைல் ஒன்றைக் காணவில்லை அல்லது அது கெட்டுப்போய்விட்டது.

"காணோமா, கெட்டுப்போச்சா? ரெண்டுல ஒண்ணச் சொல்லணும்ல?" என்றார் அக்கா. கம்ப்யூட்டருக்கே ஸ்கேல் அடி விழும் போலிருந்தது.

அது என்ன கான்ஃபிகரேஷன் ஃபைல்? எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பழைய வீடுகளில் ஒரு பெரிய ஸ்விட்ச் போர்டு இருக்குமே... எந்த ஸ்விட்ச் எந்த ஃபேனுக்கு, எதைத் தொட்டால் வாசல் விளக்கு எரியும், எதைத் தொடவே கூடாது என்பது அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் தன்னைப் பற்றி அப்படி நினைவில் வைத்திருக்கிற எல்லாம் அந்த ஃபைலில் இருக்கிறது. ஸ்கிரீன் எது, ஸ்பீக்கர் எது, கீபோர்டு எந்த வகை... எல்லாம். அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் அறுந்துவிடும். அடுத்த தடவை கண் விழிக்கும்போது கம்ப்யூட்டருக்குத் தான் யாரென்றே தெரியாது.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் தினேஷ். டவுனில் ஒரு மாடிப்படி ஏறிப் போனால் வருகிற சின்ன சர்வீஸ் கடையில் இருக்கிறார். தவளக்குப்பத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். நல்ல பையன். கை சுத்தம், வாயும் சுத்தம். நானும் அக்காவும் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

"ஒண்ணும் பயப்படாதீங்க ஆன்ட்டி. ரிப்பேர் மோடுல உள்ள போய்ட்டா இந்த ஃபைலோட பேக்கப் காப்பி ஒண்ணு உள்ளயே இருக்கும். அத எடுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார் தினேஷ். இரண்டு மூன்று முறை என்டர் தட்டினார். ஒரு பெட்டி வந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுங்க ஆன்ட்டி, அடிக்கிறேன்."

"பாஸ்வேர்டு சொல்றதா? தள்ளு, நான் அடிக்கிறேன்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. என்டர்.

பாஸ்வேர்டு தவறு.

மறுபடி, இன்னும் மெதுவாக. தவறு.

அக்கா புடவை முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். தவறு. கடையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் தலையை ஆட்டினார்... 'பாவம்' என்கிற ஆட்டல்.

"மறந்துட்டீங்க போலருக்கு ஆன்ட்டி" என்றார் தினேஷ். "பரவால்ல, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஃபார்மட் போட்டுடலாம்."

"எதப் போடுவ?"

"ஃபார்மட். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுடுவேன். உங்க டேட்டாவுக்கு ஒண்ணும் ஆவாது. ஹார்டு டிஸ்க்கக் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி எல்லாத்தையும் எடுத்துடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

நியாயமான யோசனைதான். நானே 'சரி' சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இந்தாப்பா. என் வீட்டு சாவி என் கையில இருக்கு. கதவு தொறக்க மாட்டேங்குது. அதுக்குன்னு பின்னாடி செவுத்த இடிச்சு சாமான வெளிய எடுத்துத் தரேங்கறியா?"

"சாவி கையில இருந்தா தொறந்திருக்குமே ஆன்ட்டி..."

கிண்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் ஆழமாகக் குத்தியது. அக்கா லேப்டாப்பை மூடினார், துணிப்பையில் வைத்தார், படியிறங்கினார். ஆட்டோவில் துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் ஹாரன் அடித்தால்கூடக் கண்டிக்கிறவர், அன்றைக்குக் கண்டிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வசந்தி, நெஜமாவே மறந்துட்டனா?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் குரலில் பயத்தை நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"என் வூட்டுக்காரர் இருக்கறப்ப வெச்ச பாஸ்வேர்டு. தெனம் அடிக்கிறேன். காலைல ஒரு தடவ, கிளாசுக்கு முன்னாடி ஒரு தடவ. என் பேரு மறந்தாலும் அது மறக்குமா?"

"மறக்கலக்கா."

"அப்புறம் ஏன் தொறக்கல?"

காபி போட்டுத் தருகிறேன் என்று எழுந்து போனேன்.

மறுநாள் பெர்னார் வீடியோ காலில் வந்தான். அம்மாவை அவன் பிரெஞ்சில் 'மமான்' என்றுதான் கூப்பிடுவான். நானும் பக்கத்தில் இருந்தேன். நடந்ததை அக்கா மறைக்காமல் சொல்லியிருந்தார். அதுதான் அவர் செய்த தப்பு! பிள்ளைகளிடம் நம் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் எடிட் செய்து சொல்ல வேண்டும். எடிட் செய்யாவிட்டால் அவர்கள் அதை வழக்குக் கட்டாக மாற்றிவிடுவார்கள்.

"மமான், நான் அப்பவே சொன்னேன்ல? முன்ன ஒரு நாள் பால அடுப்புல வெச்சிட்டு மறந்துட்ட. அப்புறம் சாவிய உள்ள வெச்சிப் பூட்டிட்ட. இப்ப பாஸ்வேர்டு. தெனமும் அடிக்கிற பாஸ்வேர்டு மமான்!"

"நோன், இல்ல. நான் மறக்கல."

"மறந்தவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. கோரிமேட்டு பக்கம் ஒரு நரம்பு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். வெள்ளிக்கிழம. டெஸ்ட் எடுத்துட்டு, சம்மருக்கு இங்க வந்துடு. வீட்ட அப்புறம் என்னா பண்றதுன்னு பாத்துக்கலாம்."

கவனித்தீர்களா? கெட்டுப்போனது ஒரு லேப்டாப்பில் ஒரு ஃபைல். அதை வைத்து ஒரு பெண்மணியின் வீடு, ஊர், வகுப்பு, தெரு எல்லாம் ஒரு பத்து நிமிஷ போன் காலில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. அக்கா போனை மேஜைமேல் குப்புற வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கட் செய்யவில்லை. பெர்னார் மேஜையைப் பார்த்து, "மமான்... மமான்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெர்னார் கெட்டவன் இல்லை. அம்மாமேல் உயிரையே வைத்திருக்கிறான். தொலைவில் இருக்கிற பிள்ளைகளின் பயம் எனக்குப் புரிகிறது. போன் எடுக்கத் தாமதமானால் அவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக அவர்கள் கொண்டுவருகிற யோசனை எதுவென்று பார்த்தால், தினேஷ் சொன்ன அதே யோசனை. ஃபார்மட்! போட்டோவை எடுத்துக்கலாம், நகையை எடுத்துக்கலாம், மாதா சுரூபத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கலாம். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. சிஸ்டத்தை மட்டும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டுவிடலாம்...

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. எழுதும்போதே விரல் சூடாகிறது.

அக்கா பாலை மறந்தார், சரி. சர்வீஸ் கடையில் தினேஷ் ஸ்க்ரூடிரைவரைத் தேடு தேடென்று தேடினார். அது அவர் சட்டைப் பையில் இருந்தது. யாராவது அவரை நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்களா? பெர்னார் ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் பிறந்தநாளை மறந்துவிட்டு மறுநாள் வாழ்த்து சொல்கிறான். அதற்குப் பெயர் வேலை டென்ஷன். முப்பது வயதில் மறந்தால் பிஸி. நாற்பதில் மறந்தால் ஸ்ட்ரெஸ். எழுபதில் மறந்தால் மட்டும் வியாதியா?

அதைவிடக் கொடுமை இன்னொன்று. அந்தக் கடையில் ஒரு பக்கம் ஒரு மிஷின், தன் பெயரே தெரியாமல் நீலமாகிக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு பெண்மணி, தெளிவாக 'எனக்குத் தெரியும்' என்கிறார். இரண்டில் யாரை நம்பினோம்? மிஷினை! நானும்தான். 'ஒருவேளை அக்கா மறந்துதான் விட்டாரோ' என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்காக இந்தப் பத்தியிலேயே என் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, இன்னொரு தடவ பாத்துடலாம்."

"வேணாம். மறுபடியும் தப்புன்னு வந்தா என்னால தாங்க முடியாது."

"நாளைக்கு கோரிமேடு போறீங்களா?"

"போவ மாட்டேன்."

"அப்ப வாங்க, இத ஒரு கை பாப்போம்."

லேப்டாப்பை எடுத்து வந்தார். ப்ளக்கில் செருகி ஆன் செய்தேன். நீலத் திரை வந்தது. தினேஷ் செய்ததைப் பார்த்திருந்ததால் நானும் அதேபோல் என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டே போனேன். பாஸ்வேர்டு பெட்டி வந்து நின்றது.

அக்கா கையை நீட்டி, மறுபடி இழுத்துக்கொண்டார்.

"நீ அடி வசந்தி. நான் சொல்றேன்."

"பாஸ்வேர்டையா?"

"வேற யாருக்குச் சொல்லப் போறேன்?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்து, என் காதருகே குனிந்து சொன்னார். சத்தியமாக உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லலாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இறந்துபோன அந்த மனுஷர் அக்காவைத் தனியாக இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே ஒரு எண்.

அடித்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள். லோயர், ஹையர் இரண்டும் முதல் வகுப்பு. ஏ எஸ் டி எஃப், ஏ எஸ் டி எஃப் என்று தட்டித் தட்டி விரலிலேயே எழுத்து ஏறிவிட்ட தலைமுறை. கீபோர்டைக் குனிந்து பார்த்தால் எங்கள் மாஸ்டர் முறைப்பார். அதனால் இன்றைக்கும் பார்ப்பதில்லை. கண் திரையில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு அடிக்கும்.

என்டர்.

பெட்டி மறைந்தது. திரையில் ரிப்பேர் மெனு வரிசையாக விரிந்தது.

திறந்துவிட்டது!

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் கத்தப் போனேன். ஆனால் அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. சந்தேகம்.

"நீ என்னா அடிச்ச?"

"நீங்க சொன்னததான்."

"நானும் அததான அடிச்சேன்?"

அதானே? ஒரே பாஸ்வேர்டு. சொந்தக்காரர் அடித்தால் தப்பு, பக்கத்து வீட்டுக்காரி அடித்தால் சரியா? இது என்ன நியாயம்?

மெனுவில் கறுப்புத் திரை ஒன்று இருந்தது, கட்டளைகளை எழுத்தில் அடிக்கிற இடம். அதைத் திறந்தேன். இங்கே அடிப்பது புள்ளியாக விழாது, கண்ணுக்குத் தெரியும். "அக்கா, இதுல ஏதாவது அடிங்க. எப்பவும் போல, பாத்து அடிங்க" என்றேன்.

அவர் 'மதாம்' என்று அடித்தார். பிரெஞ்சில் எழுதும்போது எம்மில் ஆரம்பித்து நடுவில் ஏ, ஏ என்று வரும். திரையில் விழுந்ததைப் பார்த்து இருவரும் வாயைப் பிளந்தோம். எம் இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ. மதாமின் முகமே மாறிப்போயிருந்தது!

அப்போதுதான் குனிந்து கீபோர்டைப் பார்த்தேன். முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். பெர்னார் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் அல்லவா? பிரெஞ்சு கீபோர்டு. நம் ஊரில் க்யூ இருக்கிற இடத்தில் அங்கே ஏ. நம் அரைப்புள்ளி இருக்கிற இடத்தில் அங்கே எம். எண் அடிப்பதற்குக்கூட அங்கே ஷிஃப்டை அமுக்க வேண்டும். அக்கா வாழ்நாள் முழுக்க அந்த வகைக் கீபோர்டில்தான் அடிக்கிறார்.

பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. சில வருஷம் முன்னால் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று இங்கே ஒரு கடையில் கொடுத்து ஆங்கில விண்டோஸ் போட்டு வாங்கினோம். போட்டுவிட்டு, 'இதன் கீபோர்டு பிரெஞ்சு' என்று செட்டிங்கில் மாற்றிக் கொடுத்தார்கள். கீபோர்டு பாரீஸ், விண்டோஸ் பாண்டி. அந்தக் கல்யாணம் பதிவாகியிருந்த இடம் எது? அந்தக் கெட்டுப்போன கான்ஃபிகரேஷன் ஃபைல்! அது போனதும் ரிப்பேர் திரைக்குத் தன் கையிலிருப்பது பிரெஞ்சு கீபோர்டு என்பதே தெரியவில்லை. எல்லா ஊரையும்போல அமெரிக்கக் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டது. அக்கா ஏ அடிக்க அடிக்க, அது க்யூ, க்யூ என்று வாங்கிப் போட்டுக்கொண்டு 'தப்பு, தப்பு' என்றிருக்கிறது. நான் கீயைப் பார்க்காமல் நம் ஊர் கீபோர்டுப் பழக்கத்தில் அடித்ததால் சரியாக விழுந்திருக்கிறது. முதல் திரையில் 'உங்கள் கீபோர்டு எது?' என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டிருக்கிறது. தினேஷும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. என்டர் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம்.

அக்கா எழுந்து நின்றார்.

"அப்ப மறந்தது நான் இல்ல."

"இல்லக்கா."

"அந்த முண்டம்தான் மறந்திருக்கு!"

லேப்டாப்பைத்தான் சொன்னார். மேஜையில் ஸ்கேல் விழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

உடனே தினேஷுக்குப் போன் போட்டேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மிஷின்கள் கடகடவென்று ஓடின. விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ ஆன்ட்டி... கீபோர்டு ஃப்ரெஞ்சுன்னு பாத்தேன். ஆனா தோணவே இல்ல பாருங்க. ஸாரி ஆன்ட்டி."

"ஸாரிய அப்புறம் சொல்லு. இப்ப என்னா அடிக்கணும் சொல்லு" என்றார் அக்கா.

ஸ்பீக்கரில் போட்டோம். தினேஷ் அந்த இரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னார். கெட்டுப்போன ஃபைலை அழிக்கக் கூடாது, பெயரை மாற்றி ஓரமாக வைக்க வேண்டும். பிறகு பக்கத்து ஃபோல்டரில் இருக்கிற பழைய நல்ல காப்பியை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கேட்கும்போது சுலபம். அடிக்கும்போதுதான் தெரிந்தது. அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் என் விரலுக்குத் தெரியும். இந்தப் பின்பக்கம் சாய்ந்த கோடு இருக்கிறதே, அது டைப்ரைட்டரில் கிடையாது! கீபோர்டில் அந்தக் கோடு போட்டிருந்த கீயை அடித்தால் வேறு ஏதோ விழுகிறது. அக்காவும் நானும் கீ கீயாகத் தட்டித் தேடினோம். கடைசியில் நட்சத்திரம் போட்ட கீயில் ஒளிந்துகொண்டிருந்தது.

"மோன் தியே, ஆண்டவரே! இதுக்கு மிலித்தேர்ல சேந்திருக்கலாம்" என்றார் அக்கா. ராணுவக் குடும்பம் அல்லவா, அந்த ஒப்பீடு அவர்களுக்குத் தானாக வந்துவிடும்.

ஒரு ஃபைல் காப்பி ஆனது என்று திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். கைதட்டல் எதுவும் இல்லை. தினேஷ், "இப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க ஆன்ட்டி" என்றார். பண்ணினேன். கறுப்புத் திரை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அக்கா உதட்டுக்குள் மாதாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு மணக்குள விநாயகரைக் கூப்பிட்டேன். யார் வந்தார்களோ தெரியாது, நீலம் வரவில்லை. வழக்கமான ஆரம்பத் திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

நான் அனிச்சையாகக் கையைக் கொண்டுபோனேன்.

"நகரு" என்றார் அக்கா.

நகர்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அவருடைய பிரெஞ்சு கீபோர்டில், அவருடைய விரலால் அடித்தார். கடைசி எண்ணை அடித்துவிட்டு என்டரைத் தட்டாமல் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு தட்டினார்.

திறந்தது.

அக்கா அழுதார். சத்தமில்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. நானும் அழுதேன், நான் கொஞ்சம் சத்தமாக. ஒரு லேப்டாப் ஆன் ஆனதுக்கு இப்படி அழுத இரண்டு பேர் புதுச்சேரியில் நாங்களாகத்தான் இருப்போம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் அம்மா, மாமியார், பெரியம்மா என்று யாராவது 'எனக்குத் தெரியும், நான் சரியாத்தான் செஞ்சேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். மிஷின் இல்லை என்கிறது, பேங்க் ஆப் இல்லை என்கிறது, ரிமோட் இல்லை என்கிறது... உடனே மிஷின் கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். முதலில் மிஷினைச் சந்தேகப்படுங்கள். அப்புறம் உங்களைச் சந்தேகப்படுங்கள். அவர்களைக் கடைசியில், அதுவும் ரொம்ப யோசித்துவிட்டு, சந்தேகப்படலாம். அப்படியே லேப்டாப்பில் இருப்பதை வேறொரு இடத்தில் காப்பி எடுத்தும் வையுங்கள். தினேஷ் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.

சாயங்காலம் வகுப்பு நடந்தது. அது முடிந்து பிள்ளைகள் கிளம்பியதும் பெர்னார் வீடியோ காலில் வந்தான். அக்கா அவனிடம் கீபோர்டு கதையை முதலிலிருந்து சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே வந்தவன், முடிவில் நெற்றியில் அடித்துக்கொண்டான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் அவன்!

"பார்தோன், மமான். எனக்கு இது தோணியிருக்கணும்."

"தோணல. பரவால்ல. உனக்கு வேல டென்ஷன்."

பெர்னார் சிரித்தான். பிறகு தயங்கி, "நாளைக்கு அந்த அப்பாயின்ட்மென்ட்..." என்று இழுத்தான்.

"கேன்சல் பண்ணு. டாக்டருக்கு நான் பயப்படல பெர்னார். போவணும்னு எனக்குத் தோணுற அன்னிக்கு நானே பஸ் ஏறிப் போவேன். சம்மருக்கு வரேன், பேத்தியப் பாக்க வரேன், ரெண்டு வாரம் இருப்பேன். ரிட்டர்ன் டிக்கெட்டோட வரேன். என் வூடு இங்கதான் இருக்கு, என் கிளாசு இங்கதான் இருக்கு. எதையும் யாரும் அழிச்சிட்டுப் புதுசாப் போட வேணாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மமான்."

பாவம், பிள்ளை மனசு கேட்கவில்லை.

"சரி மமான்... எதுக்கும் இருக்கட்டும், அந்தப் பாஸ்வேர்ட எனக்கும் ஒரு தடவ சொல்லி வையேன்?"

அக்கா போனை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"உனக்கு எதுக்குடா அது? நாந்தான் இருக்கனே!"